ஐந்து பர்னர் அடுப்பு

வீட்டு அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிகிறது என்று மனைவி பத்து வருஷமாகச் சொல்லிவந்தாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று கணவர் வாயை அடைத்துவிடுவார்.

இன்று அந்த மகராசரே அவளைக் கடைக்கு அழைத்துவந்து, ஐந்து பர்னர் அடுப்பைக் காட்டச் சொன்னார். அடுத்த வாரம் அவளுக்கு மூட்டு ஆபரேஷன். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"எனக்காகவா?"

"நீ படுத்திருக்கறப்ப சமைக்க ஆள் பேசியிருக்கேன். நம்ம அடுப்பைப் பார்த்துட்டு, 'இதுல மனுஷன் சமைப்பானா'ன்னுட்டார். மாத்தினாத்தான் வருவாராம்."

"அதுலதானே நான் சமைச்சேன்?"

"நீ வீட்டு ஆளு. அவர் தொழில்காரர், மரியாதை தரணும்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்போ அவரையே நிரந்தரமா வச்சுக்குங்க. கால் சரியானாலும் நான் சமையல்கட்டுப் பக்கம் வர்றதா இல்லை."