களை இல்லாத வயல்

"உங்க வயல்ல ஏன் களையே இல்லை?"

இன்சூரன்ஸ்காரர் இப்படிக் கேட்பார் என்று விவசாயி எதிர்பார்க்கவில்லை. ஆலங்கட்டி மழையில் சாய்ந்து கிடந்த கோதுமையைக் காட்டத்தான் ஊன்றுகோலோடு வயல் வரைக்கும் வந்திருந்தார். வந்த மனிதரோ கதிரை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"களை இல்லாதது ஒரு குத்தமா சார்?"

"மத்த வயலா இருந்தா குத்தமில்லை. நீங்க ரசாயனம் தொடாத விவசாயம்னு சான்றிதழ் வாங்கி, அதுக்குக் கிடைக்கிற கூடுதல் விலைக்கே காப்பீடும் எடுத்திருக்கீங்க. ஆலங்கட்டி விழுந்தது உண்மை, கண்ணுக்குத் தெரியுது. ஆனா, கால் ஒடிஞ்சு மக வீட்டுல படுத்திருந்தேன், நானும் மனைவியும் நேத்துதான் திரும்பினோம்னு நீங்களே சொல்றீங்க. ஆளும் வைக்கலை. அப்ப களையை யார் எடுத்தது? தானா எழுந்து நடந்து போச்சா?"

விவசாயியின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"களைக்கொல்லி அடிச்சிருந்தா காப்பீடு கிடையாது. சான்றிதழும் போயிடும். மறுபடி வாங்க மூணு வருஷம் காத்திருக்கணும்."

விவசாயியின் முகம் வெளுத்தது. அந்தச் சான்றிதழுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? சட்டென்று பக்கத்து வயலை நோக்கி ஊன்றுகோலை நீட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். எல்லாம் இவ அண்ணன் வேலை! அது அந்த மனுஷனோட வயல். பூச்சிக்கும் மருந்து, புல்லுக்கும் மருந்து. நான் இதுக்கு மாறினதும், 'களை வளர்க்கக்கூடச் சான்றிதழ் தராங்களா'ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. அன்னியிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நான் இல்லாத நேரம் பார்த்து மருந்தடிச்சு, என் சான்றிதழுக்கு உலை வெச்சிருக்காரு!"

"எங்க அண்ணனுக்கு வாய்தான் அப்படி. கை அப்படிக் கிடையாது" என்றாள் மனைவி.

"ஆமா, வாயை ஒரு கடையிலயும் கையை ஒரு கடையிலயும் வாங்கினாரு பாரு."

"கூப்பிட்டே கேட்டுடலாமே" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

மனைவி போன் செய்தாள். மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். விவசாயியின் பக்கம் திரும்பவே இல்லை.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்குக் கால் தேவலையா?"

"அதை என்னையே கேட்கலாம். இங்கதான் நிக்கிறேன்" என்றார் விவசாயி, ஆகாயத்தைப் பார்த்து.

இன்சூரன்ஸ்காரர் குறுக்கே புகுந்தார். "இந்த வயல்ல களையை எடுத்தது நீங்களா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "ஆமா சார்."

"பார்த்தீங்களா, வாயாலயே ஒத்துக்கிட்டாரு!"

"என்ன மருந்து அடிச்சீங்க?"

"மருந்தா? கையாலதான் சார் பிடுங்கினேன்."

"கையாலயா!" விவசாயி முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார். "குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்னு, கீழே விழுந்த சாவியை எடுக்கவே ஆள் தேடுறவர் சார் இவர். நம்பாதீங்க!"

"நானும் இவ அண்ணியும்தான் சார். தினமும் காலையில கொஞ்சம் கொஞ்சமா. வெளியில சொல்லிடாதீங்க, எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"சரி, பிடுங்கின களை எங்கே? ஒரு குவியலைக்கூடக் காணோமே?"

"என் மாட்டுக்குப் போட்டுட்டேன். தொழுவத்துல இன்னும் ரெண்டு கட்டு கிடக்கு. வந்து பாருங்க."

இன்சூரன்ஸ்காரர் சிரித்தார். "மருந்தடிச்ச புல்லை யாரும் தன் மாட்டுக்கே போடமாட்டாங்க. முறைப்படி மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். ஆனா எனக்குச் சந்தேகம் தீர்ந்துது. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காருங்க."

மனைவி பெருமூச்சு விட்டாள். விவசாயிக்கும் உயிர் வந்தது. ஆனால் உடனே இறங்கி வர மனம் இல்லை.

"ஓகோ, மாட்டுக்குச் செலவில்லாம தீனி! நானும் என்னடா இது அக்கறைன்னு பார்த்தேன்."

"ஆமா தங்கச்சி, தீனிக்குத்தான்" என்றார் மச்சான் விறைப்பாக. "அதோட, உங்க களை பூத்து, விதை பறந்து என் வயல்ல விழுந்தா நான் என்ன ஆகிறது? என் வயலைக் காப்பாத்திக்கத்தான் பிடுங்கினேன். வேற யாருக்காகவும் இல்லை. அவர்கிட்ட சொல்லிடு."

"காது கேட்குது. அதானே பார்த்தேன், சுயநலம் இல்லாம ஒரு துரும்பு அசையுமா?"

சொன்னாரே தவிர, விவசாயியின் குரலில் பழைய சூடு இல்லை.

இன்சூரன்ஸ்காரர் மண் எடுக்க வயலின் மறுகோடிக்கு நடந்தார். இரண்டு வயல்களையும் பிரிக்கிற வரப்பு அங்கேதான் இருந்தது. அதன்மேல் ஏறி நின்று மச்சானின் வயலை எட்டிப் பார்த்தவர், அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"என்னங்க இது? களைக்கு அவ்வளவு பயப்படுறீங்க. உங்க வயல்ல, இந்த வரப்பை ஒட்டி நீளத்துக்கும் களை இடுப்பளவு நிக்குதே! மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்கு. இங்க மட்டும் மருந்தடிக்க மறந்துட்டீங்களா?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அங்க அடிச்சா, காத்து மாப்பிள்ளை வயலுக்குத்தானே சார் கொண்டுபோகும்!"