நீலம் பூசிக்கொண்ட துத்தநாகம்

படகைக் கரையேற்றி, என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டியபோது, படகைத் தள்ளும் விசிறிக்குப் பக்கத்தில் புதிய துத்தநாகக் கட்டி ஒன்றை முடுக்கினார்கள். கழற்றிய பழைய கட்டி, எலி கொறித்த ரொட்டியாட்டம் மணலில் கிடந்தது.

“உங்களை யாருண்ணே இப்படித் தின்னது?” என்றது புதுசு.

“கடல் உப்புதான். நம்மளைத் தின்னுக்கிட்டு இருக்குற வரைக்கும் அது விசிறியைத் தொடாது.”

பயந்துபோன புதுசு, பெயின்ட் அடிக்க வந்த பிரஷ்ஷிடம், “எனக்கும் பூசிவிடு அக்கா” என்று கெஞ்சியது. பிரஷ் இளகிய மனசுக்காரி, நீலத்தில் குளிப்பாட்டிவிட்டாள்.

கடலில் உப்பு வந்து முகர்ந்தது. பெயின்ட் கசந்ததும் நகர்ந்துகொண்டது. அலைத் தாலாட்டில் துத்தநாகத்துக்குக் கண் சொக்கியது.

“தம்பி, தூங்கிட்டியா?” என்றது விசிறி மெல்ல. “உடம்பெல்லாம் யாரோ கொறிக்கிற மாதிரி இருக்கு. எனக்கே இப்படின்னா, பாவம், நீ எப்படித்தான் தாங்குறியோ!”