பஸ்ஸை நிறுத்தும் கை

முகம் தெரியாமல், குரல் கேட்காமல், தூக்கிய ஒரு கையை மட்டும் பார்த்து உங்கள் வீட்டு மனிதரை அடையாளம் கண்டுவிடுவீர்களா?

லீதா கண்டுவிட்டாள்.

அப்போது அவள் இதய வடிவத் தேன் பிஸ்கட் ஒன்றில் சர்க்கரைக் குழம்பால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் அங்கே இருந்திருக்கவே கூடாது. பார்டுபிட்ஸ் நகரில் பிஸ்கட் அடுப்பங்கரையில்தான் அவளுக்கு வேலை. குதிரைப் பந்தய மைதானத்தில் கடை போடும் பெண்ணுக்குக் காலையில் காய்ச்சல் வந்துவிட, முதலாளி இவளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். கடை போட்ட இடமோ டாக்ஸிஸுக்கு நேர் எதிரே.

டாக்ஸிஸ் என்றால் தோளுயரப் புதர்வேலி. அந்தப் பக்கம் ஒரு பள்ளம். பள்ளம் இருப்பது பாய்ந்த பிறகுதான் குதிரைக்குத் தெரியும்.

போன வருடப் பந்தயத்தில் ராதெக் அங்கேதான் குதிரையோடு விழுந்தான். கழுத்துப் பட்டையோடு படுத்துக் கிடந்த புருஷனுக்கு லீதா ஸ்பூனால் சூப் ஊட்டினாள். இன்னொரு முறை விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இனிமே குதிரை மேல ஏற மாட்டேன் லீதா. உன்மேல சத்தியம்," என்று அவனாகத்தான் சொன்னான். அவள் கேட்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு தரைக்கு ஓடு பதிக்கும் வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்ததும் பேசாமல் கையை நீட்டுவான். நகத்துக்குள் ஏறியிருக்கும் சிமெண்டை அவள் தீக்குச்சியால் நோண்டி எடுப்பாள். அந்த அழுக்கு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பந்தயம் நடந்த இந்த ஞாயிறு, க்ருதிம் ஊரில் தன் அக்கா வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதிக்கப் போயிருந்தான். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

"உன் ஆளு புத்திசாலிடி, விட்டுட்டாரு," என்றாள் கடையில் கூட நின்ற யார்மிலா. "இல்லேன்னா இப்ப நீ இங்க பிஸ்கட்டா வித்துட்டிருப்பே? வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பே."

லீதா சிரித்தாள்.

ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. பதினோராம் எண், ஓட்டுபவர் மாற்றம் என்பதுவரை காதில் விழுந்தது. பெயர் விழவில்லை. பிஸ்கட் வாங்க வந்த கிழவர், தன் மனைவி பெயரில் எந்த எழுத்து எங்கே வரும் என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

தரை அதிர்ந்தது. கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. வேலி ஓரம் ஆம்புலன்ஸ் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தது.

குதிரைகள் வேலிக்கு மேலே எழுந்தன.

ஏழாம் எண் பள்ளத்தில் மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. அதை ஓட்டியவன் பந்து போலச் சுருண்டான். அவன் தலைக்கு மேலேயே பதினோராம் எண் வந்தது. செம்பழுப்புக் குதிரை. கீழே கிடந்தவனைப் பார்த்து அது காற்றிலேயே உடம்பை முறுக்கியது. மேலே இருந்தவன் விழாமலிருக்கப் பின்னால் சாய்ந்து, ஒரு கையை மேலே வீசினான்.

எல்லோரும்தான் வீசுவார்கள். ஆனால் எல்லோர் கையும் நேராக நிற்கும். இந்தக் கை முழங்கையில் வளைந்து, விரல்கள் விரிந்து நின்றது. பழைய முறிவு ஒன்று சரியாகக் கூடாத கை.

கல்யாணமான புதிதில் அவள் அதைக் கிண்டல் செய்வாள். "யாருக்குய்யா பஸ்ஸை நிறுத்துறே?"

"உனக்குத்தான். ஏறிக்க."

குதிரையின் முன்கால் மடங்கியது. கால் நிமிர்ந்தது. கை இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தது. மூக்குவரை சேறும் கண்ணாடியுமாக ஒரு முகம் கடையைத் தாண்டிப் போனது. அந்த முகத்தில் பற்கள் மட்டும் தெரிந்தன.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருடமாக வீட்டில் அவள் பார்க்காத சிரிப்பு.

கூட்டம் கத்தித் தீர்த்தது. ஆம்புலன்ஸ் ஏழாம் எண்ணுக்காக நகர்ந்தது. விழுந்த குதிரையைக் கூட்டத்திடமிருந்து மறைக்கப் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள்.

"ஏம்மா," என்றார் கிழவர், "பாதிப் பேரோட நிறுத்திட்டியே. எனக்கென்ன பாதிப் பொண்டாட்டியா இருக்கா?"

லீதா மீதிப் பெயரை எழுதினாள். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் யார்மிலா.

"ஒண்ணுமில்ல. ஆம்புலன்ஸ் புகை."

இன்னும் எத்தனையோ வேலி, எத்தனையோ பள்ளம் பாக்கி இருந்தது. ஒலிபெருக்கி யார் விழுந்தாலும் எண்ணைத்தான் சொன்னது. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் கை தன் கழுத்துக்குப் போய் வந்தது. கடைசியில், பதினோராம் எண் நான்காவதாக வந்தது என்றது. அப்போதுதான் அவளுக்குக் கோபப்படவே முடிந்தது. ஆனால் பக்கத்தில் கோபப்பட ஆள் இல்லை. ராத்திரி அக்காவுக்குப் போன் போட எடுத்தாள், வைத்துவிட்டாள். அவனே வந்து சொல்லட்டும். சொல்லிவிட்டால் போதும்.

மறுநாள் காலை ராதெக் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. குனிஞ்சு குனிஞ்சு முதுகுதான் போச்சு," என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அவனே கையை நீட்டினான்.

பத்து நகத்துக்குள்ளும், ஒன்று விடாமல், சிமெண்ட் அப்பியிருந்தது.