மழைக்கோட்டுக்கு ஒரு சாவு

செத்தவன் அசையக் கூடாது. காதுக்குக் கீழே அட்டையொன்று குளிராக ஊர்ந்து, இடம் பார்த்து, நின்றுவிட்டபோதும் றொனால்ட் அசையவில்லை.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் அவனோடு சேர்த்து இருபது பேர் கிடந்தார்கள். பஸ் பள்ளத்தில் உருண்டுவிட்டதாக வைத்துக்கொண்டு டொக்டர்மாருக்கு நடக்கும் பரீட்சை. பஸ் கிடையாது, பயணிகள் மட்டும். யாருக்கு என்ன காயம் என்று எழுதிய சீட்டு ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கியது.

ஓர் ஆளிடம் முப்பது வினாடிக்கு மேல் டொக்டர் நிற்கக் கூடாது. பார்த்து, கையில் நாடா கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் ஓட வேண்டும். சிவப்பு என்றால் உடனே காப்பாற்று. மஞ்சள் பொறுக்கும். பச்சை நடக்கும். கறுப்பு முடிந்த கதை, விட்டுவிடு.

பரீட்சைக்கு வந்த டொக்டர்களில் ஒருத்தி றொனால்டின் மனைவி யூஜினா. முதலாவதாக வருகிறவருக்கு நியூசிலாந்தில் ஒரு வருடம் மலை மீட்பு மருத்துவப் பயிற்சி. கூட்டிக்கொண்டு போகப்போகிறவர் அங்கிருந்து வந்திருக்கும் டொக்டர் மிலான். ஸ்டொப்வொட்ச்சும் அவர் கையில்தான்.

றொனால்டுக்கு மிலானைக் காலையிலிருந்தே பிடிக்கவில்லை.

மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தைக் காட்டுவதற்காக மிலான் புல்லில் மல்லாந்து படுத்தார். யூஜினா அவருடைய வாயருகே கன்னத்தைக் கொண்டுபோய், நெஞ்சைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். பத்து வினாடி என்றுதான் மிலான் சொல்லியிருந்தார். றொனால்ட் பதினான்கு எண்ணினான்.

எழுந்ததும் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

கலியாணமாகி ஒன்பது வருடம். தன் மூச்சை அவள் அப்படிக் கேட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை. குறட்டை என்று திரும்பிப் படுத்ததுதான் ஞாபகம்.

நடிக்க ஆள் போதாதென்று வந்திருந்த அவனுக்குக் கிடைத்த சீட்டோ கணுக்கால் சுளுக்கு. பச்சை. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா? கைக்குட்டை வாங்க வருகிறவனை யார் கவனிக்கிறார்கள்? கூறைச் சேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் கதிரை, சோடா எல்லாம். சுளுக்கை வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் கன்னத்தை எதிர்பார்க்க முடியாது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன் விஜிதரனின் சீட்டில் 'மூச்சு இல்லை' என்று போட்டிருந்தது. சரக்கு என்றால் அது சரக்கு. றொனால்ட் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். ஈரத்தில் படுக்க வேண்டியிருந்த விஜிதரனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனாலும் முகத்தைக் கோணினான். றொனால்ட் தொப்பியில் தொடங்கினான். பேரம் மழைக்கோட்டில் முடிந்தது.

அந்தக் கோட்டைக் காலையில் யூஜினாதான் பிடிவாதமாகப் போட்டுவிட்டிருந்தாள். உள்பாக்கெட்டில் ஒரு சாமான் இருக்கிறது, பரீட்சை முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தலைவலித் தைலமாக இருக்கும் என்று அவன் அதை மறந்தே போனான்.

தூறல் பிடித்தது. சப்பாத்துச் சத்தம் வந்தது. பிறகு அவளுடைய சோப்பு வாசனை.

சீட்டைத் திருப்பினாள். தாடையை உயர்த்தினாள்.

கன்னம் வந்தது.

றொனால்ட் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினான். பத்தில் கன்னம் போய்விட்டது. மணிக்கட்டில் நாடா இறுகியது. இமை இடுக்கால் பார்த்தான்.

கறுப்பு.

மிலானுக்குப் பதினான்கு, தனக்குப் பத்து. அதுவும், விட்டுவிடு என்ற நிறத்தில். கூறைச் சேலை என்று வாங்கி வந்தது வெட்டுத்துண்டாகப் போய்விட்டது. இனி அவள் எழுந்து ஓடுவாள்.

அவள் ஓடவில்லை.

கழுத்தில் நகம் பட்டது. அட்டையின் வாய்ப்பக்கமாக நகத்தைக் கொடுத்து, அவசரமில்லாமல் நெம்பி எடுத்து எறிந்தாள். சட்டைக் கையால் இரத்தத்தைத் துடைத்தாள். கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழே சிவப்புக்காரி ஒருத்தி "டொக்டர், டொக்டர்" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தெட்டு வினாடி, டொக்டர் யூஜினா," மிலானின் குரல் தலைக்கு மேலே கேட்டது. "செத்தவருக்கு என்ன வைத்தியம் பாக்குறீங்க?"

அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"அட்டை கடிச்சிருச்சு சேர். இவருக்கு அட்டைன்னா பயம்."

யாரோ சிரித்தார்கள். மிலான் சிரிக்கவில்லை. தாளில் பேனை ஓடும் சத்தம் கேட்டது. நேரத்துக்கு ஆள் வராததால் சிவப்புக்காரி செத்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். சிவப்பை இழந்தவர் முதலாவதாக வர முடியாது, காலையிலேயே சொல்லியிருந்தார்.

யூஜினா போகமாட்டாள். காலையிலிருந்து றொனால்ட் வேண்டிக்கொண்டது அதைத்தான். செத்தவன் சிரிக்கவும் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கடைசி விசில் ஊதியதும் பிணங்களும் சுளுக்குகளும் எழுந்து தேத்தண்ணிக்கு நடந்தன. விஜிதரன் மட்டும் கோட்டைக் கழற்றியபடி அவனிடம் வந்தான்.

"அண்ணே, இத நீங்களே வச்சுக்கோங்க. உள்ள என்னமோ பேப்பர் இருக்கு. நனையாம பொத்தி வச்சிருந்தேன்."

நான்காக மடித்த படிவம். நியூசிலாந்து விசாவுக்கானது. பயிற்சிக்குப் போகிறவரின் கணவருக்கு உரியது. அவனுடைய பெயர், பிறந்த திகதி, கடை முகவரி எல்லாம் யூஜினாவின் உருண்டை எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே பென்சிலால், இங்கே போடு என்பதுபோல், ஒரு சின்னப் புள்ளடி.

குனிந்து பார்த்தான். புள்ளடியின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அட்டை கடித்த இடம். அவள் கையை எடுத்த பிறகு இரத்தம் நிற்கவேயில்லை.