ஓட்டு விழாத யோசனை

"எழுதின புரோகிராமை எங்க கருவி சத்தமா வாசிச்சுக் காட்டணுமா? திரையில பார்த்துப் படிச்சா என்ன குறைஞ்சிடும்?"

பல்கேரியாவின் சோஃபியா நகரத்திலிருந்து போனில் சிரித்தாள் ஸ்னெஜானா. புரோகிராம் எழுத உதவும், எல்லாவகைக் கணினியிலும் ஓடும் அந்த மென்பொருள் கருவி, அவளுடைய நிறுவனத்தின் தயாரிப்பு.

"வர்ற திங்கட்கிழமையிலிருந்து எங்க ஆபீஸ்ல உங்க கருவிதான் மேடம். அந்த வசதி இல்லேன்னா என் வேலை போயிடும்," என்றான் மறுமுனையில் புரோகிராமர் கலோயன்.

"நூறு ஓட்டு விழுந்தாத்தான் புது வசதி சேர்ப்போம். நீங்க மெயில்ல அனுப்பின யோசனையை எங்க இணையப் பக்கத்துல ஓட்டுக்குப் போட்டு ஒரு மாசமாச்சு. ஒண்ணுகூட விழலை. நீங்களே போடலையே!"

"முட்டி மோதிப் பார்த்தேன். எங்க சங்கத்து ஆளுங்க நானூறு பேரும் பார்த்தாங்க."

"அப்புறம் என்ன கேடு?"

"எந்தப் படத்துல பஸ் இருக்குன்னு தொட்டுக் காட்டினாத்தான் உங்க பக்கம் ஓட்டுப் போட விடுது மேடம். எங்களது பார்வையற்றோர் சங்கம்."