ஞாயிற்றுக்கிழமை உண்ணாவிரதம்

தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பிய பாஸ்டர் கிளாட்சன் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதத்தில் பத்து வயது கூடியதுபோல் இருந்தது. காத்திருந்த சபைச் செயலாளர் தவமணி பொரிந்து தள்ளினார்.

"ரெண்டு வீட்டு ஜெபத்துக்கு நீங்க வரலை. எந்நேரமும் இறால் பண்ணையை மூடணும்னு அலையுறீங்க. அந்தச் சனங்க நம்ம சபையா என்ன?"

"பண்ணையோட உப்புத்தண்ணி இறங்கி அவங்க நாத்தெல்லாம் கருகிப்போச்சு, சார். குடிக்கிற கிணறும் கரிக்குது."

"பாவம்தான். ஆனா நாளன்னைக்கு ஞாயிறு. உண்ணாவிரதம்னு நீங்க போயிட்டா ஆராதனையை யார் நடத்துறது?"

"நான்தான் நடத்துவேன். முடிஞ்சதும் அவங்களோட போய் உட்காருவேன்."

"வெயில்ல அவ்வளவு தூரம் போக உடம்பு தாங்குமா?"

"தூரமில்லை. நம்ம கோயில் வாசல்லதான் உட்காருறாங்க."

"இங்கேயா? எதுக்கு?"

கிளாட்சன் சட்டைப்பையிலிருந்து சிட்டா நகலை எடுத்து நீட்டினார். "பண்ணை இருக்கிற நிலம் நம்ம சபைக்குச் சொந்தம். குத்தகைக்கு விட்டது நாமதான்."

தவமணி அதை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் குரல் இறங்கியது.

"இதை அவங்ககிட்ட யார் சொன்னது?"

"நான்தான், சார்."