சம்பங்கிக்கு எட்டும் சுரம்

சர்க்கஸ் பேண்டில் டியூபா என்றொரு பெரிய பித்தளை வாத்தியம் இருந்தது. அதன் சிநேகிதி, யானை சம்பங்கியை, லாரியில் ஏற்றிக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர் காதில் விழாமல், மண் மட்டும் அதிரும்படி சம்பங்கி அடிவயிற்றிலிருந்து உறுமுகிற அந்த ஆழத்துக்குத் தன் குரலையும் இறக்கிவிட்டால், எத்தனை மைல் தள்ளியிருந்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும் என்று டியூபா நம்பியது.

தினமும் முக்கி முக்கி ஊதியது. எச்சில்தான் கொப்பளித்தது.

“இப்படி இறுக்கினால் இறங்காதப்பா. தளர விடு,” என்றது பக்கத்திலிருந்த சின்ன வாத்தியம், ட்ரம்பெட்.

ஒருநாள் சம்பங்கி நின்ற இடத்தில் குதிரையைக் கொண்டுவந்து கட்டினார்கள். டியூபாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. கூடாரத்து மணல் மெல்ல அதிர்ந்தது.

“எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே,” என்றது ட்ரம்பெட்.

டியூபா வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னது:

“உன்னைக் கூப்பிடவில்லை.”